மெல்லக் கொல்லும் பூஞ்சை

1887ஆம் ஆண்டு பெரியாற்றின் குறுக்கே அணை கட்டும் பணி தொடங்கியபோது, மதுரைச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் கூலியாட்கள் மலையேறினார்கள். காட்டு விலங்குகளும் பெருவெள்ளமும் அவர்களை அலைக்கழித்தன. நோய்களோ அவர்களுள் பலரின் உயிரையே பறித்தன. அவற்றுள் முதன்மையானது மலேரியா. காட்டின் ஈரக்காற்றிலும் அழுகிய இலைகளின் ஆவியிலும் காய்ச்சல் பிறப்பதாக நம்பிய காலம் அது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டு, பெரியாற்று நீர் வைகைப் பாசனத்துக்கு வந்து சேர்ந்தது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள். அணைக்காக உழைத்து மாண்டவர்கள், தங்களைக் கொன்றது இன்னதென்று அறியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

காரணம் தெரிந்து ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. கொசு இன்னும் நம்மை விட்டபாடில்லை. மலேரியாவின் கொடுமை தணிந்த இடங்களில் டெங்குவும் சிக்குன்குனியாவும் குடியேறியுள்ளன. கேரளத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டைகளிலும், கமுகந்தோப்புகளில் உதிர்ந்து கிடக்கும் பாளைகளிலும் மழைநீர் தேங்கினால் போதும். ஏடிஸ் கொசு அங்கே முட்டையிட்டுவிடும்.

பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகள் இயற்கையில் உண்டு. பாலக்காட்டுத் தென்னந்தோப்புகளுக்கும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கும் அவை பயிர்க்காவலாக வந்து சேர்ந்துவிட்டன. அதே இனப் பூஞ்சைகளைக் கொசுவுக்கு எதிராகவும் நிறுத்த முடியுமா என்று உலகின் பல ஆய்வகங்கள் கால் நூற்றாண்டாக முயன்றுவருகின்றன. வணிகவியல் படித்துவிட்டு வங்கிப் பணிக்கு வந்தவன் நான். எல்லையோரக் கிளைகளில் பயிர்க்கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்தபோது, மருந்துச் செலவு என்னும் ஒரு வரியே என்னை இப்பொருளின் பக்கம் திருப்பியது. தோப்பும் வீடும் உடைய வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் பயன்படும் என்பதால் அறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

பட்டுப்புழுவில் தொடங்கிய கதை

இத்தாலியில் பட்டுப்புழுக்கள் வெள்ளைப் பொடி பூத்துக் கொத்துக்கொத்தாக மடிந்துவந்தன. அதற்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்பதை அகோஸ்டினோ பாஸி என்பவர் 1835இல் நிறுவினார். அந்தப் பூஞ்சை இன்று அவர் பெயராலேயே பிவேரியா பாசியானா என்று அழைக்கப்படுகிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இலியா மெக்னிகாஃப், 1879இல் கோதுமைப் பயிரை அழிக்கும் வண்டுகளின் உடலில் பச்சைப் பூஞ்சை ஒன்றைக் கண்டார். வண்டைக் கொல்லும் பூஞ்சையை வளர்த்து வயலில் தூவினால் என்ன என்று அவர் எண்ணினார். மெட்டாரைசியம் என்று நம் விவசாயிகள் கடையில் கேட்டு வாங்கும் உயிர்மருந்தின் பிறப்பு அதுவே.

இப்பூஞ்சைகள் வேலை செய்யும் முறை வேதிமருந்திலிருந்து முற்றிலும் வேறானது. பூஞ்சையின் வித்து கண்ணுக்குத் தெரியாத தூசியளவே இருக்கும். அது பூச்சியின் மேல்தோலில் ஒட்டிக்கொள்கிறது. காற்றில் ஈரம் போதுமானதாக இருந்தால் முளைவிடுகிறது. நொதிகளைச் சுரந்து தோலை இளக்கி, நுண்ணிய முளையால் துளைத்து உள்ளே நுழைகிறது. அங்கே உடல் திரவத்தை உண்டு பல்கிப் பெருகுகிறது. சில நாள்களில் பூச்சி சோர்ந்து, உண்ணுவதைக் குறைத்து, இறுதியில் மடிகிறது. பின்னர் பூஞ்சை இழைகள் தோலைக் கிழித்து வெளிவந்து புதிய வித்துகளைத் தருகின்றன. பூச்சி அதைத் தின்ன வேண்டியதில்லை, தொட்டாலே போதும். இதற்கெல்லாம் பொதுவாக நான்கு நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும்.

இந்தக் கால அளவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சை மருந்தை வாங்கியவர் மறுநாள் காலையில் தோப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டிவிடுவதே இதன் பெருந்தடை.

பாலக்காட்டுத் தென்னையும் வெள்ளை ஈயும்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குச் செல்பவர்கள் மாநில எல்லை எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று அறிய முடியாது. இருபுறமும் ஒரே தென்னை, ஒரே தமிழ். 2016இல் இந்த இருபுறத்துக்கும் ஒரே விருந்தாளி வந்து சேர்ந்தது. மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சுருள் வெள்ளை ஈ, இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியிலும் பாலக்காட்டிலும் தென்னையில் கண்டறியப்பட்டது.

ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் வடிவில் முட்டையிட்டு, வெண்ணிற மெழுகுப் பொடியால் மூடி, கூட்டமாக அமர்ந்து இவ்வீ சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழுள்ள ஓலைகளில் வழிகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து மட்டைகள் கரி பூசியதுபோல் ஆகின்றன. மரத்தடியில் ஊடுபயிராக நிற்கும் வாழையும் பாக்கும் தப்புவதில்லை. இலை கறுத்தால் ஒளிச்சேர்க்கை குறையும்; ஒளிச்சேர்க்கை குறைந்தால் குரும்பையும் காயும் குறையும். மரம் சாகாது, வருமானம்தான் மெலியும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வேதிமருந்தைத் தெளிக்கும் எண்ணம். ஆனால், பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகமும், மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைத் தவிர்க்குமாறு சொல்கின்றன. காரணம் எளிது. இந்த ஈ வந்த பின்னாலேயே அதன் இயற்கை எதிரியும் தோப்புகளில் தென்பட்டது. என்கார்சியா குவாடலூபே என்னும் கடுகினும் சிறிய குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. வேதிமருந்து ஈயைவிட இக்குளவியைத்தான் முதலில் கொல்லும். குளவி போன தோப்பில் ஈ மீண்டும் பெருகும்போது தடுப்பார் யாருமில்லை. மேலும், உயர்ந்த மரத்தின் ஓலை அடியில் மருந்து சென்று சேர்வதும் அரிது. சித்தூர் வட்டாரம் கேரளத்துக்குக் கள் தரும் வட்டாரம்; பொள்ளாச்சி இளநீருக்குப் பெயர்பெற்றது. பாளையில் தெளித்தது குடிப்பவர் குவளைக்கு வந்துவிடக் கூடாதல்லவா?

இங்கேதான் பூஞ்சை துணைக்கு வருகிறது. இசாரியா ஃபியூமோசோரோசியா என்னும் பூஞ்சையின் ஒரு வகையைப் பெங்களூருப் பணியகம் தேர்ந்தெடுத்து, இந்த வெள்ளை ஈக்கு எதிராகத் தோப்புகளில் சோதித்து, பரிந்துரைத்தும் வருகிறது. மஞ்சள் ஒட்டும்பொறி, குளவியின் கூட்டுப்புழுக்கள் உள்ள ஓலைத்துண்டுகளைத் தோப்பில் வைத்தல், விசையுடன் நீர் பீய்ச்சுதல், கரும்பூசணத்தை உரிக்க மைதா மாவுப் பசை தெளித்தல் ஆகியவற்றோடு சேர்ந்ததே இந்தச் சிகிச்சை. தனியொரு மருந்தாக அதை எண்ணிவிடக் கூடாது.

பாலக்காட்டுக்கே உரிய இடர் ஒன்றும் இதில் உண்டு. மலைத்தொடரின் இடைவெளி வழியாக வீசும் வறண்ட காற்று, மழை ஓய்ந்த மாதங்களில் தோப்பின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. வெள்ளை ஈ பெருகுவதும் அந்த மாதங்களில்தான். பூஞ்சையின் வித்தோ ஈரமின்றி முளைக்காது. கடும்வெயிலின் புற ஊதாக்கதிர் அதைக் கொன்றுவிடும். எனவே ஈயை மட்டும் பார்த்து மருந்து தெளிப்பது பணத்தை வெயிலில் காயவைப்பதற்குச் சமம். மாலை வேளையில், தோப்புக்கு நீர் பாய்ச்சியபின், ஓலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்க வேண்டும்.

தென்னையில் பூஞ்சைக்கு இன்னொரு பணியும் உண்டு. காண்டாமிருக வண்டு தென்னையின் குருத்தைக் குடைகிறது. அதன் புழுக்களோ எருக்குழிகளில் வளர்கின்றன. குழியில் மெட்டாரைசியம் கலந்துவிட்டால், ஈரமும் நிழலும் நிறைந்த அவ்விடத்தில் பூஞ்சை செழித்துப் புழுக்களைப் பற்றுகிறது. வண்டு பறந்து மரமேறுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது. இந்தப் பூஞ்சையை அரைவேக்காட்டு அரிசியில் வளர்க்கும் எளிய முறையை மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் காயங்குளம் மண்டல நிலையம் பெண்கள் குழுக்களுக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

இடுக்கி ஏலமலையில்

பாலக்காட்டின் வறட்சிக்கு நேர்மாறு இடுக்கி. குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை என்று நீளும் ஏலமலையில் மரநிழலும் ஈரமும் பூஞ்சைக்கு உகந்த சூழலாக அமைந்துள்ளன. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண்களே இத்தோட்டங்களின் கைகள். தோட்டத்தில் எதைத் தெளித்தாலும் அதை முதலில் சுவாசிப்பவர்களும் அவர்களே.

ஏலக்காயின் பெரும்பகை இலைப்பேன். இளங்காயின் தோலைச் சுரண்டிச் சாறு குடிப்பதால், முதிர்ந்த காயில் சொறி போன்ற தழும்பு விழுகிறது. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தில் காயின் நிறமும் தோலும் விலையை நிர்ணயிக்கின்றன. தழும்பு விழுந்த காய்க்குத் தரமும் குறைவு, விலையும் குறைவு. இந்த அச்சத்தால் தோட்டக்காரர்கள் ஆண்டில் பலமுறை பூச்சிமருந்து தெளிக்கிறார்கள்.

அதன் விளைவு எங்கே போய் நிற்கும் என்பதை 2023 ஜனவரியில் நாடே பார்த்தது. சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அனுமதித்த அளவை மீறியதாகச் சோதனை அறிக்கை வந்தது. கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. 2024இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துசெய்தது. எனினும் அதற்குள் அந்த டின்கள் நாள்பட்டுப் போயிருந்தன. வழக்கின் முடிவு எதுவானாலும், எச்சம் என்னும் சொல் ஏலக்காய் வணிகத்தில் நிலைத்துவிட்டது.

கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள், நோயுற்ற ஏலக்காய் இலைப்பேனிலிருந்தே ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். லெகானிசில்லியம் சாலியோட்டே என்பது அதன் பெயர். அதைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளியானது. பகையின் உடலிலேயே அதன் பகையைத் தேடிய செயல் அது. செடியின் வளர்ச்சியைத் தூண்டும் பண்பும் அப்பூஞ்சைக்கு உண்டு என்று பின்னர் தெரியவந்தது.

ஏலத்தோட்டத்திலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. மழைக்காலத்தில் காயழுகல் நோய்க்கு அஞ்சிப் போர்டோ கலவை தெளிப்பது வழக்கம். அது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. நோய் தரும் பூஞ்சை, நன்மை தரும் பூஞ்சை என்ற வேறுபாடு தாமிரத்துக்குத் தெரியாது. ஆகவே இரண்டையும் ஒரே வாரத்தில் தெளித்தால் ஒன்றின் செலவு இன்னொன்றால் வீணாகும். இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் வேண்டும் என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டு, நாள்காட்டியில் குறித்துக்கொண்டு செய்வதே முறை.

கொசுவின் வயது

இனி, தொடக்கத்தில் விட்ட கொசுவுக்கு வருவோம். கொசுப்புழுவைக் கொல்லும் பூஞ்சை இந்தியாவுக்குப் புதிய செய்தியன்று. எம்.ஓ.டி. ஐயங்கார் என்னும் கொசுவியல் அறிஞர், அனாபிலிஸ் கொசுப்புழுக்களைத் தாக்கும் சீலோமோமைசிஸ் இனப் பூஞ்சைகள் இரண்டை 1935இல் உலகுக்கு அறிவித்தார். இடுக்கி மலைகளையும் உள்ளடக்கிய அன்றைய திருவிதாங்கூரில் யானைக்கால் நோயை ஆராய்ந்தவரும் அவரே. ஆனால் அந்தப் பூஞ்சைகளை ஆய்வகத்தில் பெருக்க வழி தெரியவில்லை. கொசுப்புழுவைத் தவிர நீரில் வாழும் நுண்ணிய இறால் இன உயிர் ஒன்றும் அதன் வாழ்க்கைச் சுழற்சிக்குத் தேவை என்பது 1974இல்தான் வெளிப்பட்டது. இரண்டு உயிர்களை வளர்த்து மூன்றாவதைப் பெறுவது மருந்துத் தொழிலுக்குக் கட்டுப்படியாகவில்லை.

அதனால் ஆய்வாளர்களின் கவனம், அரிசியிலேயே வளரக்கூடிய பிவேரியா, மெட்டாரைசியம் ஆகியவற்றின்மீதும், நீரிலுள்ள புழுவை விட்டுச் சுவரில் அமரும் கொசுவின்மீதும் திரும்பியது. இரத்தம் குடித்த பெண் கொசு, வயிறு கனத்துச் சுவரிலோ திரைச்சீலையிலோ ஓய்வெடுக்கும். அந்த இடத்தில் வித்துகள் இருந்தால் அதன் காலில் ஒட்டிக்கொள்ளும்.

2005இல் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வெளியாயின. தான்சானியாவின் கிராமத்து வீடுகளில் மெட்டாரைசியம் தடவிய கறுப்புப் பருத்தித் துணியைத் தொங்கவிட்டதில், பிடிபட்ட கொசுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று நோய்ப்பட்டிருந்தது. அந்த அளவே நீடித்தால்கூட, ஒருவருக்கு ஆண்டில் 262 என்றிருந்த நோய்க்கடிகள் 64ஆகக் குறையும் என்று கணக்கிட்டார்கள். மற்றோர் ஆய்வு பிரிட்டனின் ஆய்வகத்தில், நம் நகரங்களின் மேல்நிலைத் தொட்டிகளில் வளரும் அனாபிலிஸ் ஸ்டீஃபென்சி கொசுவைக் கொண்டே நடந்தது. எலிக்கு வரும் மலேரியாக் கிருமியை வைத்துச் செய்த அச்சோதனையில், நோயைப் பரப்பும் அபாயம் 80 மடங்கு அளவுக்குக் குறைந்தது.

கொசுவை உடனே கொல்லாத பூஞ்சையால் இது எப்படி இயன்றது? விடை கொசுவின் வயதில் இருக்கிறது. மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசு அடுத்த நாளே நோய் பரப்பாது. கிருமி அதன் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். டெங்குக் கிருமிக்கும் ஏறத்தாழ 8 முதல் 12 நாள் தேவை. அந்த வயதை எட்டும் கொசுக்கள் சிலவே. அந்தச் சிலவே நமக்குப் பகை. பத்து நாளில் கொல்லும் பூஞ்சை, அந்த வயதான கொசுவைச் சரியாக வழிமறிக்கிறது. போதாக்குறைக்கு, நோய்ப்பட்ட கொசு குடிக்கும் இரத்தமும் குறைந்துபோகிறது.

மெல்லக் கொல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. 1947இல் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேரை மலேரியா தாக்கியதாக மதிப்பீடு. 1953இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்ததில், 1965 அளவில் இந்த எண்ணிக்கை ஒரு லட்சமாக இறங்கியது. ஆனால் 1976இல் அது மீண்டும் 64 லட்சத்தைத் தாண்டியது. திட்டத்தின் தளர்ச்சி ஒரு காரணம். கொசுக்கள் மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றது மற்றொரு காரணம். உடனே கொல்லும் மருந்தில் தப்பும் கொசு மட்டுமே முட்டையிடும். அதன் வாரிசுகள் அனைத்தும் தப்பும் திறனோடு பிறக்கும். பூஞ்சையோ இளங்கொசுவை இரண்டொரு முறை முட்டையிட விட்டுவிட்டு, முதுமையில் கொல்கிறது. மருந்தில் தப்பியதும் தப்பாததும் முட்டையிட்டுவிடுவதால், எதிர்ப்புத்திறன் உடைய கொசுவுக்குத் தனி ஆதாயம் ஏதுமில்லை. எனவே எதிர்ப்பு பரவுவதும் மிக மெதுவாகவே நிகழும். 2009இல் அறிவியலாளர்கள் சிலர் இக்கருத்தை விரிவாக முன்வைத்தனர்.

2019இல் புர்கினா ஃபாசோவில் இன்னும் ஓரடி முன்னே வைத்தார்கள். ஆஸ்திரேலியச் சிலந்தி ஒன்றின் நஞ்சுக்கான மரபணுவை மெட்டாரைசியத்தில் சேர்த்தனர். பூச்சியின் இரத்தத்தை அடைந்தால் மட்டுமே அந்த நஞ்சு சுரக்கும். வலையால் மூடிய சோதனைக் கிராமத்தில், அந்தப் பூஞ்சையை நல்லெண்ணெயில் கலந்து கறுப்புத் துணியில் பூசித் தொங்கவிட்டார்கள். 1,500 கொசுக்களோடு தொடங்கிய கூட்டம் 45 நாளில் 13ஆகச் சுருங்கியது. சாதாரண மெட்டாரைசியம் வைத்த பகுதியில் 455 எஞ்சின; எதுவும் வைக்காத பகுதியில் 1,396. மரபணு மாற்றிய உயிரை வெளியில் விடுவதற்கு நம் நாட்டில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். ஆனால் மாற்றப்படாத பூஞ்சையே கொசுக்களை மூன்றில் ஒன்றாகக் குறைத்தது என்பதையும் அக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

எனில், ஏன் இன்னும் நம் வீடுகளுக்கு அது வரவில்லை? துணியிலும் சுவரிலும் வித்துகள் நெடுங்காலம் உயிரோடிருப்பதில்லை; அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். ஏலமலையின் ஈரத்தில் நிலைப்பது பாலக்காட்டுக் கோடையில் நிலைக்காது. பகலில் கடிக்கும் ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, செடி மறைவில் ஓய்வெடுக்கிறது. இவற்றுக்கெல்லாம் விடை கண்டபிறகே பூஞ்சை சுகாதாரத் திட்டத்தில் இடம்பெற முடியும். இப்போதைக்கு நம் நாட்டில் கொசுப்புழுவுக்கு எதிராகப் பயன்படும் உயிர்க்காவலர்களில் கம்பூசியா மீனும், 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த பாசில்லஸ் இனப் பாக்டீரியாவும் அடங்கும். புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்துவருகிறது.

வாடிக்கையாளர் கவனத்துக்கு

தோப்புக்கும் தோட்டத்துக்கும் பூஞ்சை மருந்து வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். உயிர்மருந்தும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண், பூஞ்சையின் பெயர், வித்துகளின் எண்ணிக்கை, தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றை உறையில் பாருங்கள். உள்ளே இருப்பது உயிர் என்பதால் தகரக் கூரையிட்ட மோட்டார் அறையில் வைத்தால் இரண்டு வாரத்தில் வெறும் மாவாகிவிடும். நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வையுங்கள். பூஞ்சைக்கொல்லி அடித்த தெளிப்பானை நன்கு கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். மல்பெரியும் பட்டுப்புழுவும் வளர்ப்பவர்கள் அருகில் இருந்தால் பிவேரியாவைத் தவிருங்கள்; அது பட்டுப்புழுவைக் கொன்றுதான் பெயர்பெற்றது. தெளிப்பவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். வித்துத் தூசி சிலருக்கு ஒவ்வாமை தரும்.

உழவர் கடன் அட்டையின் பயிர்க்கடன் அளவில் பயிர்ப்பாதுகாப்புச் செலவும் அடங்கும். உயிர்மருந்துக்கும் அது பொருந்தும். ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தை வெள்ளை ஈக்கு மாற்றாக எண்ண வேண்டாம். மரம் பட்டுப்போனாலோ முற்றிலும் பயனற்றுப்போனாலோதான் அதில் இழப்பீடு. காய் குறைந்ததற்கு இல்லை. மெட்டாரைசியம் வளர்க்க விரும்பும் சுயஉதவிக் குழுவினர், தங்கள் எருக்குழிக்குப் பயன்படுத்துவது வேறு, விற்பது வேறு என்பதை அறிய வேண்டும். விற்பனைக்குப் பதிவு கட்டாயம். அதற்கான செலவையும் காலத்தையும் கணக்கிட்டுத் திட்ட அறிக்கை கொண்டுவந்தால், கடன் பற்றிக் கிளையில் தெளிவாகப் பேச முடியும்.

வீட்டைப் பொறுத்தவரை, ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், தொட்டி, பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துத் துடைத்தால் அந்தச் சுழற்சி அறுபடும். ரப்பர் வெட்டு நின்ற நாள்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்; கமுகம்பாளைகளைப் பொறுக்கி உலர்ந்த இடத்தில் சேர்த்துவையுங்கள். காய்ச்சல் கண்டால் தாமதியாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஒருவேளை சில ஆண்டுகளில், சுகாதாரப் பணியாளர் ஒருவர் எண்ணெய் பூசிய கறுப்புத் துணியைக் கொண்டுவந்து உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டலாம். அன்றிரவும் கொசு கடிக்கும். மறுநாளும் கடிக்கும். பக்கத்து வீட்டார், ‘இதனால் ஒரு பயனும் இல்லை’ என்பார்கள். வெள்ளை ஈக்காகப் பூஞ்சை தெளித்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்திருந்த தென்னை விவசாயி அப்போது அந்தத் துணியைக் கழற்றமாட்டார். நீங்களும் கழற்றாதீர்கள்.